எம்டனில் ஏறாத பத்திரிகையாசிரியர்

நாகர்கோவிலில் செண்பகராமன் பிள்ளை பேரை எடுத்தால் கூடவே எம்டன் வந்துவிடும். வடசேரி டீக்கடையில் கேட்டுப் பாருங்கள். "மெட்ராசுல குண்டு போட்ட கப்பல்ல வந்தவருல்லா, நம்ம ஆளு!" என்பார்கள். பேச்சுப் போட்டிக்குப் போகிற பிள்ளைகளுக்கும் அதைத்தான் எழுதிக் கொடுக்கிறார்கள். நான் அச்சகத்தில் புரூஃப் பார்த்தே தலை நரைத்தவன். எழுத்துப் பிழைக்கு முன்னால் தேதிப் பிழைதான் என் கண்ணில் படும். இந்தக் கதையில் தேதி இடிக்கிறது.

எம்டன் 1910-ல் ஜெர்மனியின் கீல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பிய கப்பல். அதற்குப் பிறகு அது சொந்த நாட்டுக்குத் திரும்பவே இல்லை. சீனக் கரையில் சிங்டாவ்தான் அதன் தளம். 1914 ஆகஸ்டில் போர் மூண்டதும் பசிபிக் கடலை விட்டு இந்தியப் பெருங்கடலுக்குள் நுழைந்தது. செப்டம்பர் 22 இரவு சென்னையில் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டுப் போனது. நவம்பர் 9-ஆம் தேதி கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பலிடம் அடிபட்டுக் கரை தட்டியது.

அதே செப்டம்பரில் செண்பகராமன் எங்கே? சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்க்கும் வெளியீடுகளை ஜெர்மனியில் அச்சிட்டுப் பரப்ப அனுமதி வேண்டும் என்று அங்கிருந்த ஜெர்மன் கான்சலிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அக்டோபரில் பெர்லினுக்குக் குடிபோனார். இதற்கு நடுவில் வங்காள விரிகுடாவுக்கு வந்து, பீரங்கியைத் திருப்பி, மறுபடி பெர்லினில் போய் இறங்க அந்தக் காலத்தில் ஆகாய விமானமா ஓடியது? கப்பல் கதையை ஒதுக்கி வைத்தால் அந்தக் கான்சல் அறைக்குள் ஓர் இளைஞர் தெரிகிறார். இருபத்து மூன்று வயது. ஒரு பத்திரிகையின் ஆசிரியர். எனக்கு அவர்தான் முக்கியம்.

1891 செப்டம்பர் 15-ல் திருவனந்தபுரத்தில் பிறந்தார். அப்பா சின்னசாமிப் பிள்ளை, அம்மா நாகம்மாள். நாஞ்சில் நாட்டு வெள்ளாளக் குடும்பம். சமஸ்தான உத்தியோகத்துக்காகத் தெற்கேயிருந்து தலைநகரில் போய்க் குடியேறிய குடும்பங்கள் அன்று எத்தனையோ. அதில் இதுவும் ஒன்று. செடிகொடி, பூச்சி ஆராய்ச்சி என்று திருவிதாங்கூரைச் சுற்றிக்கொண்டிருந்த சர் வால்டர் ஸ்ட்ரிக்லாண்ட் என்ற ஆங்கிலேயர் 1908-ல் இந்தப் பையனை ஐரோப்பாவுக்கு அழைத்துப் போனார். தன் நாட்டு ஆட்சியையே வெறுத்த விசித்திரமான பிரபு அவர். கூடக் கிளம்பிய உறவுக்காரப் பையன் பத்மநாபன் கொழும்போடு திரும்பிவிட்டான் என்பார்கள். இவர் திரும்பவில்லை. ஆஸ்திரியாவில் கொஞ்சம் படிப்பு, பிறகு சூரிச்சில் பொறியியல்.

1914 ஜூன் மாதம், போருக்குச் சில வாரம் முன்னால், சூரிச்சில் 'சர்வதேச இந்திய ஆதரவுக் குழு' ஒன்றைத் தொடங்கித் தானே தலைவரானார். அதன் மாத இதழ்தான் 'புரோ இந்தியா'.

வெளிநாட்டிலிருந்து பத்திரிகை நடத்துவது அப்போது புதிதல்ல. சியாம்ஜி கிருஷ்ணவர்மா 'இந்தியன் சோசியாலஜிஸ்ட்' இதழை 1905-ல் லண்டனில் தொடங்கினார்; ஆபத்து நெருங்கியதும் பாரிசுக்கும் அங்கிருந்து ஜெனிவாவுக்கும் அதைத் தூக்கிக்கொண்டு ஓடினார். காமா அம்மையாரின் 'வந்தே மாதரம்' 1909-ல் ஜெனிவாவில் பிறந்தது. நம் பக்கத்தில் வ.வே.சு. ஐயர் லண்டனிலிருந்து பாரதியின் 'இந்தியா'வுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். ஐயர் செய்தது ஐரோப்பாவின் சேதியைத் தமிழனுக்குச் சொல்லும் வேலை. செண்பகராமன் எடுத்துக்கொண்டது எதிர்த் திசை: இந்தியாவின் சேதியை ஐரோப்பியனுக்கு அவன் ஊரிலேயே அச்சிட்டுச் சொல்வது. அதுவும் ஆங்கிலேயன் கை நீளாத நடுநிலை நாட்டில் உட்கார்ந்துகொண்டு. இந்தியா என்பது பிரிட்டனின் உள்வீட்டு விவகாரம் என்று ஐரோப்பியப் பத்திரிகைகள் கண்டும் காணாமல் போய்க்கொண்டிருந்த காலம். அதை உலக விவகாரமாக்க வேண்டும் என்று அந்த வயதில் ஒருவருக்குத் தோன்றியதே பெரிய காரியம்.

பெர்லினில் கதை மாறிவிட்டது. வீரேந்திரநாத் சட்டோபாத்யாயா முதலானோர் கூடிய இந்திய சுதந்திரக் குழுவோடு சூரிச் குழுவும் கலந்தது. ஜெர்மன் வெளியுறவுத் துறைக்குப் போர்ப் பிரச்சாரம் தேவை. அதற்குப் பணமும் அச்சுக்கூடமும் இருந்தன. பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களுக்காக 'ஹிந்தோஸ்தான்' என்று முகாம் பத்திரிகையே நடந்தது. காகிதம் தாராளமாகக் கிடைத்தது, ஆனால் எதை எழுதலாம் என்பதை இன்னொருவன் முடிவு செய்தான். கூலி கொடுப்பவன் புரூஃபைத் திருத்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவர் முழுக்கத் தன் சொந்தப் பொறுப்பில் ஆசிரியராக இருந்தது சூரிச்சில் கழிந்த அந்தச் சில மாதங்கள்தான் என்பது என் கணிப்பு.

1915 டிசம்பர் 1-ஆம் தேதி காபூலில் ராஜா மகேந்திர பிரதாப் இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்தார். பிரதமர் மௌலானா பரக்கத்துல்லா. அவரும் டோக்கியோவில் பத்திரிகை நடத்தியவர். வெளியுறவு மந்திரியாகச் செண்பகராமன் பெயரைப் போட்டார்கள். பெர்லினில் இருந்தபடியே மந்திரி! நாடே கையில் இல்லாத அரசுக்கு எல்லாமே வெளியுறவுதானே.

போரில் ஜெர்மனி தோற்றது, பேரரசர் கெய்சர் போனார். அதன்பிறகும் செண்பகராமன் பெர்லினிலேயே இருந்து வியாபாரத் தொடர்பு வேலைகள் பார்த்தார். முடியரசு விரும்பிகளும் வலதுசாரிகளும் நிறைந்த ஜெர்மன் தேசிய மக்கள் கட்சியோடு அவருக்கு நெருக்கம் உண்டு. நம் ஊர் மேடைகளில் இதைச் சொல்வதில்லை. சொல்ல வேண்டும், எதிரிக்கு எதிரியைத் தேடிப் போகிறவன் யார் யாரோடெல்லாம் உட்கார நேரும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் 1931-ல் ஹிட்லர் இந்தியரை இழிவாகப் பேசியபோது அதே மனிதர் சும்மா இருக்கவில்லை. கண்டித்துக் கடிதம் எழுதினார், மன்னிப்புக் கேட்கச் சொன்னார். அந்தப் பழைய ஆசிரியரின் பேனா அதில்தான் மறுபடி தெரிகிறது. அந்த ஆண்டுதான் மணிப்பூரைச் சேர்ந்த லட்சுமிபாயை மணந்தார். நாஜிகள் ஆட்சிக்கு வந்த மறு ஆண்டு, 1934 மே மாதம், பெர்லினிலேயே இறந்தார். வயது நாற்பத்திரண்டு.

அஸ்தியைக் கரமனை ஆற்றிலும் நாஞ்சில் நாட்டு வயல்களிலும் தூவ வேண்டும் என்பது அவர் ஆசை. அவர் அப்படி நினைத்தபோது இரண்டும் ஒரே சமஸ்தானம். லட்சுமிபாய் 1935-ல் அஸ்தியைப் பம்பாய்க்குக் கொண்டுவந்து முப்பது ஆண்டுக்கு மேல் பாதுகாத்தார். 1966 செப்டம்பரில் ஐ.என்.எஸ். டெல்லி என்ற போர்க்கப்பல் அதைக் கொச்சியில் கொண்டுவந்து சேர்த்தபோது கரமனை கேரளத்தில் இருந்தது, வயல்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்தன. போர்க்கப்பலில் அவர் வந்தது அந்த ஒரு தடவைதான்.

சென்னை கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் 2008-ல் சிலை வைத்தார்கள். சந்தோஷம். ஆனால் சிலை வைத்த நாம் அவர் நடத்திய இதழில் ஒரு பக்கத்தையாவது தமிழில் படித்திருக்கிறோமா? இன்று சூரிச்சிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் ஆயிரக்கணக்கில் தமிழர்கள் வாழ்கிறார்கள். ஜெர்மன் மொழியில் பள்ளிப் படிப்பை முடித்த ஒரு தலைமுறையே அங்கே வளர்ந்துவிட்டது. அவர்களில் ஒருவராவது ஒரு சனிக்கிழமை அங்குள்ள பழைய நூலகத்துக்குப் போய் 1914-ஆம் ஆண்டின் 'புரோ இந்தியா' இதழ்களைக் கேட்டு எடுங்கள். மொழிபெயர்த்து அனுப்புங்கள். புரூஃப் நான் பார்த்துத் தருகிறேன்.