பகடிவதை: உயிர் போன பிறகு வந்த சட்டங்கள்

தமிழ்நாட்டில் ‘ராகிங்’ என்பதை இலங்கையில் ‘பகிடிவதை’ என்றும் சிங்கப்பூரில் ‘பகடிவதை’ என்றும் சொல்கிறோம். “சும்மா விளையாட்டுக்குத்தான் சார்” என்று மாணவர்கள் சொல்லும்போது பகடி மட்டும் தெரிகிறது, வதை மறைந்துவிடுகிறது.

1996 நவம்பரில், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு, மூத்த மாணவர் ஒருவரால் கொல்லப்பட்டார். அதன் பிறகே, 1997-இல், தமிழ்நாடு பகடிவதைத் தடைச் சட்டம் நிறைவேறியது. தண்டனை 2 ஆண்டுவரை சிறை. அதே 1997-இல் இலங்கைப் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர் வரப்பிரகாஷ் பகடிவதைக்குப் பலியானார். அங்கும் 1998-இல்தான் சட்டம் வந்தது.

தமிழ்நாட்டுச் சட்டத்தில் நமக்கான பாடம் ஒன்று உண்டு. புகார் வந்தும் சும்மா இருக்கும் கல்வி நிலையத் தலைவர் குற்றத்துக்கு உடந்தையாகவே கருதப்படுவார். அதாவது, சொல்வது மாணவரின் துணிச்சல். அதற்குப் பிறகு பொறுப்பு, கேட்டவருடையது.

சிங்கப்பூரில் 2016-இல், தேசியப் பல்கலைக்கழக அறிமுக முகாம்களில் நடந்த ஆபாச விளையாட்டுகள் பற்றி மாணவர்கள் வாய் திறந்தார்கள். மாணவர்கள் நடத்திய அறிமுக நிகழ்ச்சிகளை நிர்வாகம் நிறுத்திவைத்தது.

நம் வகுப்புப் பிள்ளைகள் நாளை அங்கே போகிறவர்கள். “வேண்டாம்னு சொல்லலாம், பெரியவங்ககிட்ட சொன்னா அது காட்டிக்கொடுக்கிறது இல்ல” என்று இப்போதே சொல்லிவைப்போம். ஒரு பிள்ளை “டீச்சர், பயமா இருக்கு” என்று வந்தால், “கொஞ்சம் பொறுத்துக்கோ” என்று அனுப்பிவிட வேண்டாம். நாள், இடம், நடந்தது எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு அன்றே மேலிடத்துக்குத் தெரிவிப்போம்.