பிரட்டும் பாடமும்: தோட்டப் பாடசாலை வரலாறு பற்றிய ஒரு நோக்கு

மாணவர் அனைவரும் ஒரே விரைவிற் கற்பதில்லை. இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டே சிக்காகோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பெஞ்சமின் புளூம் 1968 ஆம் ஆண்டில் தேர்ச்சிமுறைக் கற்றலை விளக்கினார். போதிய காலமும் பிழைதிருத்தமும் கிடைப்பின் பெரும்பாலான மாணவர் பாடத்தை முழுமையாகக் கற்றுத் தேறுவர் என்பது அதன் சாரம். அடைவு பொதுவாயிருத்தல் வேண்டும். அதற்குச் செல்லும் காலம் ஆளுக்காள் வேறுபடலாம்.

இதன் சாயல் தமிழகத்துத் திண்ணைப் பள்ளியில் முன்னரே இருந்தது. மணலில் எழுத்துப் பழகிய சிறுவன் அதனைப் பிழையற எழுதிய பின்னரே அடுத்த எழுத்துக்குச் சென்றான். சட்டாம்பிள்ளை இளையோர்க்குப் பாடஞ் சொன்னான். சென்னையில் இதனைக் கண்ட அன்று பெல் என்பார் 1797 இல் நூலாக எழுதி இங்கிலாந்தில் வெளியிட்டார். கங்காணிமாரின் கீழ்க் கண்டிச் சீமைக்கு வந்த மக்களும் இம்மரபை அறிந்தவர்களே.

எனினும் தோட்டத்திற் காலத்தை வகுத்தது பள்ளியன்று, பிரட்டே. 1907 ஆம் ஆண்டுக் கிராமியப் பாடசாலைச் சட்டம், ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்டத்துரைமார்மீது சுமத்தியது. 1920 ஆம் ஆண்டுச் சட்டம், பத்து வயதுக்குட்பட்டோரை முற்பகல் 10 மணிக்கு முன் வேலைக்கு அமர்த்தலாகாது என்றது. சிறுவர் உழைப்பை அது ஒழிக்கவில்லை. பள்ளிக்கென ஒரு காலைப்பொழுதை மட்டுமே ஒதுக்கிற்று என்பது ஈண்டு நோக்கற்பாலது.

அட்டன், நுவரெலியாப் பகுதிகளில் எழுந்தவை பெரும்பாலும் ஓராசிரியர் பாடசாலைகளே. ஒரே மண்டபத்திற் பல வகுப்புகளை ஆசிரியர் ஒருவரே நடத்தினார். ஒரு வகுப்புக்கு எழுத்து வேலை கொடுத்து மற்றொன்றுக்குக் கணிதஞ் சொல்லுதல் அவர்க்கு அன்றாடத் தேவையாயிற்று. அவரவர் நிலைக்கேற்பக் கற்பிக்கும் வாய்ப்பு அங்கு இருந்தது; கற்றதை நிறைவு செய்யும் காலமே இல்லாதிருந்தது. தேறு முன்னரே பிள்ளை கொழுந்து மலைக்குச் சென்றுவிடும்.

1945 இல் வந்த இலவசக் கல்வி தோட்டப் பிள்ளைகளை முழுமையாகச் சென்றடையவில்லை. 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்தம் பெற்றோரின் குரலையும் ஒடுக்கியது. 1977 முதலே அரசு இப்பாடசாலைகளைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. எண்பதுகளிற் சுவீடன் நாட்டுதவியுடன் கட்டடங்களும் ஆசிரியர் பயிற்சியும் வளர்ந்தன. பின்னர்ப் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. மலையகத்துப் பிள்ளைகளே மலையகத்துக்கு ஆசிரியராயினர்.

2007 அளவில் அமெரிக்காவின் கொலராடோவில் பேர்க்மன், சாம்ஸ் எனும் ஆசிரியர் இருவர், விளக்கத்தை வீட்டிற் கேட்டுப் பயிற்சியைப் பள்ளியிற் செய்யும் தலைகீழ் வகுப்பறையைக் கைக்கொண்டனர். 2020 இல் தொற்றுநோயாற் பள்ளிகள் மூடப்பட்டபோது மலையகத்திலும் பாடம் வீட்டுக்குச் செல்ல வேண்டியதாயிற்று. ஆனால் பல தோட்டங்களில் அலைத்தொடர்பும் இல்லை, கருவியும் இல்லை. அச்சிட்ட வினாத்தாள்களுடன் ஆசிரியர் லயங்களை நாடிச் சென்றனர். குடும்பம் முழுவதும் உண்டு உறங்கும் ஒற்றைக் காம்பராவிற் பிள்ளை தனித்துப் படிக்கவும் இடமில்லை.

எனவே கற்பித்தல் முறை எதுவாயினும், அது பிள்ளையின் காலத்தையும் இடத்தையும் முற்கோளாகக் கொண்டே நிற்கின்றது. தோட்டத்து ஆசிரியர்க்கு இல்லாதிருந்தது முறையன்று, அம்முறை வேரூன்றும் நிலமே. அந்நிலத்தை அளிப்பது சமூகத்தின் கடன். அதனை விடுத்து, பிள்ளை தேறவில்லை என்று ஆசிரியரை மட்டும் வினவுதல் நீதியாகாது.