புராணப் படமும் சமூகப் படமும்: படவகைப் பெயர்களின் வரலாறு குறித்துச் சில சிந்தனைகள்

தமிழ்ச் சினிமாவின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் ஓர் ஏணியைக் கையோடு கொண்டு வருகின்றனர். அதன் அடிப்படியில் புராணப் படம்; இடைப்படியில் ராஜா ராணிக் கதை; உச்சியில் சமூகப் படம். பக்தியிலிருந்து பகுத்தறிவுக்கும், கற்பனையிலிருந்து நடப்பியலுக்கும் தமிழ்ச் சினிமா ஏறிவந்த கதையாக அவ்வரலாறு அமைந்துவிடுகின்றது. முற்போக்கு விமரிசகரும் இதற்கு விலக்கல்லர். உண்மையில், இவ்வேணியை மிக விருப்போடு தோளிற் சுமந்தவர்கள் நாமே எனலாம். ஆயின், புராணப் படம், சமூகப் படம் என்னும் பெயர்கள் யாரால், எத்தேவை கருதி வழங்கப்பட்டன? அப்பெயர்களையே அளவுகோலாகக் கொள்ளும்போது வரலாற்றில் எவை நமது பார்வைக்குத் தப்பிவிடுகின்றன? இவ்வினாக்களை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வரையறையின் சிக்கல்

படவகை ஒன்றினை வரையறுக்க முற்படுவோர் முதலில் எதிர்கொள்வது ஒரு தருக்கச் சிக்கலாகும். ‘வெஸ்டர்ன்’ எனப்படும் அமெரிக்கப் படவகையின் இலக்கணத்தைக் காணவேண்டுமாயின், வெஸ்டர்ன் படங்களைத் திரட்டி ஆராய்தல் வேண்டும். எவை வெஸ்டர்ன் படங்கள் என்று அறிந்து திரட்டுவதற்கோ, அவ்விலக்கணம் முன்னரே கைவசம் இருத்தல் வேண்டும். 1974இல் வெளிவந்த தமது நூலில் இச்சிக்கலைச் சுட்டிக்காட்டிய அன்ட்ரூ ரியூடர், எதனைப் படவகை என்று ஒரு சமூகம் பொதுவாக நம்புகின்றதோ அதுவே படவகை என்னும் முடிவுக்கு வந்தார். இம்முடிவு பயனுடையது, ஆனால் போதியதன்று. சமூகம் என்பது ஒருதன்மைத்தான தொகுதியன்று. படத்தைத் தயாரித்து விற்போர், அதனை அனுமதிக்கவோ தடுக்கவோ வல்ல அரசு, அதைப் பற்றி எழுதும் விமரிசகர், காசு கொடுத்துப் பார்ப்போர் என வேறுபட்ட நலன்களை உடையோர் அதனுள் உளர். யார் நம்புகின்றனர், எப்போது நம்பத் தொடங்கினர், எதன்பொருட்டு நம்பினர் என்பனவே வரலாற்று மாணவன் கேட்கவேண்டிய வினாக்களாகும்.

இரண்டு உதாரணங்கள் இதனைத் தெளிவுபடுத்தும். எட்வின் போர்ட்டர் 1903இல் எடுத்த ‘தி கிரேட் ட்ரெயின் ரொபரி’ முதலாவது வெஸ்டர்ன் எனப் பாடநூல்கள் பலவற்றிற் போற்றப்படுகின்றது. ஆனால் அது வெளிவந்த காலத்தில் குற்றச்செயல், துரத்தல், புகையிரதப் பயணம் ஆகியவற்றைக் காட்டிய படங்களின் வரிசையிலேயே வைத்து நோக்கப்பட்டது. அதன் காட்சிகளும் அமெரிக்காவின் மேற்கிலன்றிக் கிழக்குக் கரையிலுள்ள நியூ ஜேர்சியிலேயே பிடிக்கப்பட்டன. ‘வெஸ்டர்ன்’ என்பது அந்நாளில் நாடகம், நகைச்சுவை முதலாய சொற்களுக்கு முன்னே நின்ற ஓர் அடைமொழி மாத்திரமே. அத்தகைய படங்கள் தொடர்ந்து விற்பனையான பின்னரே அடைமொழி தனித்த பெயராயிற்று. இதனைப் பிற்காலத்தில் ரிக் ஓல்ட்மன் விரிவாக ஆராய்ந்துள்ளார். இங்கு பெயரிட்டது வணிகமாகும்.

இரண்டாவது உதாரணம் ‘பிலிம் நுவார்’ ஆகும். ஜேர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில் அமெரிக்கப் படங்களைக் காணும் வாய்ப்பினை இழந்திருந்த பிரெஞ்சு மக்கள், போர் முடிந்தபின் 1946இல் ‘தி மோல்டீஸ் போல்கன்’, ‘டபிள் இன்டெம்னிற்றி’, ‘லோரா’ முதலிய படங்களை ஒருசேரக் கண்டனர். அவற்றிற் படிந்திருந்த இருளையும் நம்பிக்கை வறட்சியையும் கண்ட நினோ பிராங்க் அவற்றைச் சுட்ட இப்பெயரைக் கையாண்டார். 1930களின் பிற்பகுதியில் சில பிரெஞ்சுப் படங்களைக் குறிக்க அந்நாட்டுப் பத்திரிகைகள் வழங்கிய சொல்லே இவ்வாறு அமெரிக்கப் படங்களுக்கு இடம்பெயர்ந்தது. அப்படங்களை எடுத்த ஹொலிவூட் கலைஞர் தாம் இத்தகைய வகையொன்றினைச் சார்ந்த படங்களை எடுப்பதாக எண்ணியிருக்கவில்லை. அவர்களுக்கு அவை குற்றக் கதைகளும் உணர்ச்சி நாடகங்களுமேயாம். எனினும், 1970களில் இப்பெயரை நன்கறிந்த புதிய தலைமுறை நெறியாளர்கள் அதனை உளங்கொண்டே படமெடுக்கலாயினர். விமரிசகர் இட்ட பெயர் இவ்வாறு உற்பத்தியையே வழிநடத்தும் ஆற்றலைப் பெற்றது. பெயர் வரலாற்றின் விளைவாக இருப்பதோடு, வரலாற்றை ஆக்கும் காரணியாகவும் ஆகிவிடுகின்றது என்பது மனங்கொள்ளத்தக்கது.

புராணத்தின் மறுபக்கம்

இந்நோக்கில் இந்தியச் சினிமாவை அணுகுவோமாயின், முதலில் நிற்பது புராணப் படமாகும். பால்கேயின் ‘ராஜா ஹரிச்சந்திரா’ 1913இல் பம்பாயில் திரையிடப்பட்டது. தொடர்ந்து 1917இல் ‘லங்கா தகன்’ வெளியாயிற்று. பால்கே புராணத்தைத் தேர்ந்தமைக்கு அவரது சமயப் பற்றினை மாத்திரம் காரணமாகக் காட்டுதல் பொருந்தாது. கிறிஸ்துவின் வாழ்க்கை பற்றிய வெளிநாட்டுப் படமொன்றைக் கண்டதே தம்மை இத்துறைக்குத் தூண்டிற்று என அவரே எழுதியுள்ளார். அந்நியக் கடவுளின் இடத்தில் நம் கடவுளர் திரையில் தோன்ற வேண்டும் என்னும் அவா, சுதேசிக் கைத்தொழில் ஒன்றை நிறுவவேண்டும் என்னும் அவாவோடு இணைந்திருந்தது. மேலும், எழுத்தறிவற்ற பெருந்தொகையினரைக் கொண்ட பன்மொழி நாட்டில், மௌனப் படத்துக்கு எல்லாரும் அறிந்த கதையே ஏற்ற சரக்காகும். சந்தையும் தேசியமும் சந்தித்த இடத்திலே புராணப் படம் பிறந்தது.

அப்படவகைக்கு மற்றொரு பயனையும் காலனித்துவ ஆட்சி தேடிக்கொடுத்தது. 1918ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளைவாக 1920இல் பம்பாய், கல்கத்தா, சென்னை முதலிய நகரங்களில் தணிக்கைக் குழுக்கள் அமைந்தன. அரசியலை நேராகப் பேச வழியில்லாத நிலையில், புராணம் அதன் போர்வையாயிற்று. 1921இல் வெளியான ‘பக்த விதுரர்’ படத்தில் மகாபாரத விதுரர் காந்தியின் சாயலில் கதராடையும் குல்லாயும் அணிந்து தோன்றினார். சென்னையிலும் கராச்சியிலும் அப்படம் தடைசெய்யப்பட்டது. போர்வைக்குள் இருந்தது யாதென்பதைத் தணிக்கை அதிகாரிகள் நன்கு விளங்கிக்கொண்டனர். பின்வந்த வரலாற்றாசிரியர் பலர் போர்வையை மாத்திரமே கண்டனர் என்பது வருந்தத்தக்கது.

தமிழின் முதற் பேசும் படமெனக் கொள்ளப்படும் ‘காளிதாஸ்’ 1931இல் வெளியானது. பண்டைய வடமொழிப் புலவனின் கதையைக் கூறும் அப்படத்திலே காந்தியின் இராட்டையைப் போற்றும் பாடலொன்று கதைத் தொடர்பின்றியே இடம்பெற்றிருந்தது. அன்றைய பார்வையாளருக்கு அது முரணாகப் படவில்லை. சங்கரதாஸ் சுவாமிகளின் வழிவந்த நாடக மேடையில் ‘வள்ளி திருமணம்’ போன்ற கதைகளுக்கிடையே தேசியப் பாடல்களைக் கேட்டுப் பழகியவர்கள் அவர்கள். தூய படவகை என்ற ஒன்று ஆய்வாளரின் அட்டவணையில் உண்டு, கொட்டகையில் இருந்ததில்லை.

‘சமூகம்’ என்ற அடைமொழி

சமூகப் படம் என்னும் தொடர் பம்பாய்த் திரைப்பட வணிகத்தில் ‘சோஷியல்’ என வழங்கிய சொல்லின் தமிழாக்கமாகும். புராணமோ சரித்திரமோ அல்லாது, சமகால உடையும் சமகால வீடும் கொண்ட எப்படமும் அதனுள் அடங்கிற்று. எனவே அது எதிர்மறை வரையறையே. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலைத் தழுவிய ‘மேனகா’ (1935), விதவையரின் அவலத்தைப் பேசிய கே. சுப்பிரமணியத்தின் ‘பாலயோகினி’ (1937), பிரேம்சந்தின் நாவலிலிருந்து உருவான ‘சேவாசதனம்’ (1938), பிரித்தானிய அரசு தடைசெய்த ‘தியாகபூமி’ (1939) ஆகியன இப்பெயரின் கீழ் வந்தன. இவற்றுட் சில உண்மையிலேயே துணிச்சலான படைப்புகள். ஆனால் குடும்பச் சிக்கல்களைப் பாட்டும் கண்ணீருமாக விரித்து, இறுதியில் பழைய ஒழுங்கையே நிலைநிறுத்திய எண்ணற்ற படங்களும் இதே பெயரைத் தாங்கின. ஆராய்ச்சியாளர் கைகளில் ‘சமூக’ என்னும் அடைமொழி சமூக நோக்கு எனப் பொருள்மாறியபோது, வணிகத்தின் முத்திரை விமரிசனத்தின் மதிப்பீடாக வேடமிட்டது.

இவ்வகை எல்லாவற்றையும் விழுங்கும் பெருவகையாக வளர்ந்தமைக்குப் பொருளாதார அடிப்படையும் உண்டு. இந்திச் சினிமா பற்றி 1998இல் வெளியான தமது நூலில் மாதவ பிரசாத் இதனை விளக்குகின்றார். பாட்டு, சண்டை, நகைச்சுவை, வசனம் என உறுப்புகள் தனித்தனியே ஆக்கப்பட்டு இறுதியிற் பொருத்தப்படும் உற்பத்தி முறையை, கைக்கடிகார உற்பத்தி பற்றி மார்க்ஸ் கூறியதோடு அவர் ஒப்பிடுகின்றார். அத்தகைய உற்பத்தி முறையில் ஹொலிவூட்டிற் காணப்படுவன போன்ற தெளிவாகப் பிரிந்த படவகைகள் வேரூன்றுவது அரிது. எல்லாரையும் ஒரே கொட்டகையில் திருப்திப்படுத்த வேண்டிய சந்தைக்கு எல்லாம் கலந்த படமே தேவைப்பட்டது. தமிழ்ச் சினிமாவுக்கும் இவ்விளக்கம் பெரிதும் பொருந்தும்.

ஏணியின் இடைப்படியும் அடிப்படியும் பிற்காலத்தில் என்னவாயின என்பதும் சிந்திக்கற்பாலது. திராவிட இயக்கம் தன் கருத்துகளை ‘வேலைக்காரி’ (1949), ‘பராசக்தி’ (1952) ஆகிய சமூகப் படங்கள் வாயிலாகப் பரப்பியமை யாவரும் அறிந்ததே. ஆனால் அதே காலத்தில் ‘மந்திரிகுமாரி’ (1950), ‘நாடோடி மன்னன்’ (1958) ஆகிய ராஜா ராணிக் கதைகளும் அதே பணியைச் செய்தன. அரண்மனைக்குள் நுழையும் எளியவன் ஆட்சிச் சீர்திருத்தங்களை அறிவிக்கும் காட்சி, முடியாட்சிக் கதையின் உடையில் வந்த தேர்தல் விஞ்ஞாபனமேயாகும். 1965இல், இந்தித் திணிப்புக்கு எதிரான கிளர்ச்சி தமிழ்நாட்டை உலுக்கிய அதே ஆண்டில், ஏ. பி. நாகராஜனின் ‘திருவிளையாடல்’ பெருவெற்றி பெற்றது. அப்படத்தில் நெற்றிக்கண்ணைத் திறந்த இறைவன் முன்னும் தமிழ்க் கவிதையின் குற்றத்தை மறுக்காது நிற்கும் நக்கீரர் பாத்திரத்தை நெறியாளரே ஏற்று நடித்தார். பகுத்தறிவு இயக்கம் ஆட்சியை நெருங்கிய காலத்தில் புராணப் படம் அழியவில்லை. மொழிப் பெருமிதத்தை உட்கொண்டு புத்துயிர் பெற்றது.

தொலைக்காட்சிக்குப் பெயர்ந்த புராணம்

தொலைக்காட்சியின் வரலாறு இவ்வேணியை முற்றாகவே முறித்துவிடுகின்றது. அங்கும் பெயர்கள் வணிகத்தின் பிள்ளைகளே. 1930களில் அமெரிக்க வானொலித் தொடர்களுக்குச் சவர்க்கார உற்பத்தியாளர் விளம்பர ஆதரவு வழங்கியமையாலேயே ‘சோப் ஒபரா’ என்னும் பெயர் தோன்றியது. இந்தியாவில் 1984இல் தூரதர்ஷன் ஒளிபரப்பிய ‘ஹம் லோக்’, குடும்பக் கட்டுப்பாடு முதலிய செய்திகளைக் கதையினூடாகக் கூறும் மெக்சிக்கோ நாட்டுத் தொடர்களின் மாதிரியைப் பின்பற்றித் திட்டமிடப்பட்டது. அபிவிருத்திக்கெனத் தொடங்கிய அத்தொடர் விளம்பரதாரருக்குப் பெருஞ்சந்தையைத் திறந்துவிட்டது.

அச்சந்தையிலேதான் ராமானந்த் சாகரின் ‘ராமாயண்’ 1987 ஜனவரி தொடக்கம் 1988 ஜூலை வரை ஞாயிறுதோறும் ஒளிபரப்பாயிற்று. மதச்சார்பற்ற அரசொன்றின் ஒலிபரப்பு நிறுவனம், திரையரங்கிற் காலாவதியானதாகக் கருதப்பட்ட படவகையை நாட்டின் வீட்டுக்கூடங்களிற் குடியேற்றியது. அயோத்தி இயக்கம் வலுப்பெற்ற காலமும் அதுவே. இத்தொடர் உருவாக்கிய பொதுப் பார்வையாளர் தொகுதிக்கும் இந்துத்துவ அரசியலின் எழுச்சிக்கும் இடையிலான உறவை அரவிந்த் ராஜகோபால் 2001இல் வெளியான நூலொன்றில் ஆராய்ந்துள்ளார். சீதையாக நடித்தவரும் இராவணனாக நடித்தவரும் 1991இல் பாரதிய ஜனதாக் கட்சியின் சார்பில் நாடாளுமன்றத்துக்குத் தெரிவாயினர். 1992 டிசம்பர் 6ஆம் திகதி பாபர் மசூதி இடிக்கப்பட்டது. ஒரு தொடரே இவற்றுக்கெல்லாம் காரணம் என்பது எளிமைப்படுத்தலாகும். ஆயினும், 1921இல் அந்நிய ஆட்சிக்கு எதிராகப் பேசிய படவகை, எழுபது ஆண்டுகளுக்குள் சிறுபான்மையினருக்கு எதிரான அரசியலுக்குக் களம் அமைக்க உதவியது என்பதை மறுக்கவியலாது. படவகைக்கெனத் தனியான அரசியல் இல்லை. அதைக் கையாளும் சக்திகளின் அரசியலே உண்டு.

முடிவாக

இவ்வரலாறு ஈழத்துத் தமிழருக்கும் அந்நியமானதன்று. தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தைக் களமாகக் கொண்டு எடுத்த ‘பொன்மணி’ 1977இல் திரைக்கு வந்தபோது, தென்னிந்தியப் படங்களிற் பழகிய நமது பார்வையாளரிடையே அது வணிக வெற்றி பெறவில்லை. சாதியையும் சீதனத்தையும் நேர்நின்று பேசிய அப்படம் சொல்லின் உண்மைப் பொருளிற் சமூகப் படமே. ஆனால் ‘சமூகப் படம்’ என்னும் பெயர் நமது பார்வையாளரிடம் ஏற்படுத்தியிருந்த எதிர்பார்ப்பு வேறு. பெயர் பார்வையைப் பயிற்றுகின்றது. பயிற்றப்பட்ட பார்வை பெயருக்குள் அடங்காததைக் காண மறுக்கின்றது.

எனவே நாம் ஏணியைக் கீழே வைத்துவிட்டு, ஒவ்வொரு படவகைப் பெயரையும் ஒரு வரலாற்று ஆவணமாகப் படித்தல் வேண்டும். அப்பெயரை இட்டவர் யார், அதனாற் பயன்பெற்றவர் யார், அதனுள் மறைந்துபோனது யாது என்று வினவுதல் வேண்டும். புராணத்தைக் கடந்துவிட்டோம் என்று நாம் நிம்மதியடைந்திருந்த வேளையிலேயே அது அடுத்த அறையில், தொலைக்காட்சிப் பெட்டியினுள் அமர்ந்திருந்தது. முற்போக்கு விமரிசனம் இத்தவறினை மீண்டும் செய்தல் ஆகாது.