பால்ய விவாகமும் பிற்கால மதிப்பீடும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் தேசத்தில் நடைபெற்ற பால்ய விவாகங்களை இக்காலத்து அளவுகோலால் அளக்கப் புகுவோர்க்கு முதலில் நேரும் இடர், விவாகம் என்னும் சொல் அன்று குறித்ததும் இன்று குறிப்பதும் ஒன்றல்ல என்பதே. தாலி கட்டுவது ஒரு நாளும், பெண் ருதுவான பின் சாந்தி முகூர்த்தம் வேறொரு நாளுமாக, இரண்டிற்கும் இடையே சில ஆண்டுகள் கழிவது பல குடும்பங்களின் வழக்கு. கணித மேதை இராமானுஜனை 1909-இல் மணந்தபோது பத்து வயதுச் சிறுமியாயிருந்த ஜானகி, 1912 அளவிலேயே சென்னைக்கு வந்து அவரோடு குடித்தனம் தொடங்கினார்.

இந்தச் சமாதானம் எல்லா இடத்தும் செல்லாது. கணவனது பலவந்தத்தால் உயிர்நீத்த புல்மணி என்ற சிறுமியின் வழக்கு 1890-இல் கல்கத்தாவில் விசாரணைக்கு வந்தபோது, பத்து வயது நிரம்பிய மனைவியிடத்துக் கணவன் செய்வதைப் பலாத்காரமெனக் கொள்ள அன்றைய தண்டனைச் சட்டத்தில் இடமே இருக்கவில்லை. அந்த வயது 1891-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பன்னிரண்டாக உயர்த்தப்பட்டது. அதையும், அன்னிய அரசு நம் சமய ஆசாரங்களில் தலையிடலாகாதென்று திலகர் எதிர்த்தார். மணவயதையே வரையறுத்த சாரதா சட்டம் 1929-இல் நிறைவேறிப் பெண்ணுக்குப் பதினான்கு, ஆணுக்குப் பதினெட்டு என விதித்தது.

‘அக்காலம் அப்படி’ என்று சொல்லிவிடுவதும் எளிதன்று. அக்காலத்திலேயே அதனை மறுத்தோர் இருந்தனர். மறுத்தவர் வாழ்வோ அதனினும் சிக்கலானது. விதவா விவாகத்திற்காகப் பாடுபட்ட மகாதேவ கோவிந்த ரானடே, முதல் மனைவி இறந்ததும், 1873-இல் தந்தையின் நிர்ப்பந்தத்திற்கு இணங்கிப் பதினொரு வயது ரமாபாயை மணந்தார். ஊரார் நகைத்தனர், நகைப்புக்கு நியாயமும் உண்டு. ஆயினும் அச்சிறுமிக்கு அவரே எழுத்தறிவித்தார். அவ்வம்மையாரே பின்னாளில் பூனாவின் சேவா சதனத்தை நடத்தினார்.

எல்லாவற்றினும் கடினமான சோதனை ருக்மாபாயின் வழக்கு. பதினொரு வயதில் மணமாகியும் தாய்வீட்டிலேயே வளர்ந்த அவரைத் தம்மிடம் அனுப்புமாறு கணவர் தாதாஜி பிகாஜி பம்பாய் உயர்நீதிமன்றத்தை 1884-இல் நாடினார். அறியாப் பருவத்தில் தம் சம்மதமின்றி நடந்த விவாகம் தம்மைக் கட்டுப்படுத்தாதென வாதிட்ட ருக்மாபாய்க்கு முதலில் வெற்றி கிட்டிற்று. மேல்முறையீட்டின் பின் 1887-இல், கணவரிடம் செல்லுக, மறுப்பின் ஆறு மாதம் சிறை என்று தீர்ப்பாக, சிறைக்கே செல்வேன் என்றார் அவர். மறு ஆண்டு இரண்டாயிரம் ரூபாயில் வழக்கு சமாதானமாயிற்று. அவர் லண்டனில் வைத்தியம் பயின்று மீண்டு, சூரத்தில் பிரசவ மருத்துவராய்ப் பெயர் பெற்றார். தாதாஜி 1904-இல் காலமானார். எந்த உறவை விவாகமென்றே ஒப்பாமல் சிறைக்கும் துணிந்தாரோ, அந்த உறவின் பொருட்டு ருக்மாபாய் அன்று முதல் கைம்பெண்ணின் வெள்ளைப் புடவை உடுத்தினார்.