சீனச் சக்கரவர்த்தி வேண்டாமென்ற சங்கிலி

கல்கத்தா லேக் கார்டன்ஸ் மாமிக்குச் சென்னைக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்தேன். "ரயில்ல போனா 1,660 கிலோமீட்டர், பிளேன்ல 1,385. மீதியை யார் முழுங்கினா?" என்றார். ரயில் புவனேஸ்வர், விசாகப்பட்டினம், விஜயவாடா என்று கரையோரமாக வளைந்து வருகிறது. 1,385 என்பது உருண்டைப் பூமிமேல் இழுத்துப் பிடித்த நூலின் நீளம். விமானமே அதில் அச்சுப் பிசகாமல் பறப்பதில்லை.

அந்த நூலின் ஒரு முனையைத் தேடினால் பரங்கிமலை அடிவாரத்துக்குப் போகவேண்டும். இன்றைய சென்னை விமான ஓடுபாதைக்குப் பக்கம்தான். இந்தியாவை அளக்கும் வேலைக்காக 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்ற நில அளவையாளர் அங்கே ஆதாரக் கோடு அளக்கத் தொடங்கினார். கையில் 100 அடி எஃகுச் சங்கிலி. சீனச் சக்கரவர்த்திக்குப் பரிசாகக் கொண்டுபோய், அவர் வேண்டாமென்று தள்ளிய பொருள்! டின்விடி என்ற அறிஞர் அதை விற்க இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். வெயிலில் எஃகு நீளும். அதனால் மரப்பெட்டிக்குள் சங்கிலியைக் கிடத்தி, தெர்மாமீட்டர் வைத்து, கூடார நிழலில் ஏறத்தாழ 400 முறை போட்டுப் போட்டு ஏழரை மைல் அளந்தார்கள்.

அதன்பின் சங்கிலிக்கு வேலை குறைவு. ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால் முக்கோணத்தின் மற்ற பக்கங்கள் கணக்கில் வந்துவிடும். முக்கோணத்தின்மேல் முக்கோணமாக வடக்கே சிரோஞ்ச் என்ற ஊர் வரை ஏறி, அங்கிருந்து கிழக்கே கல்கத்தாவுக்கு வந்தார்கள். இங்கே ஜார்ஜ் எவரெஸ்ட் 1831-32-ல் இன்னொரு ஆதாரக் கோட்டை அளந்து சரிபார்த்தார், பாரக்பூர் டிரங்க் ரோடு நெடுக. சங்கிலிக்குப் பதில் இரும்பும் பித்தளையும் இணைந்த பத்தடிச் சட்டங்கள். ஒரு உலோகம் கூடுதலாக நீண்டாலும் குறிப்புள்ளி நகராது. வங்காளம் தட்டை நிலம், பரங்கிமலைபோல ஏறி நின்று பார்க்க ஒன்றுமில்லை. அதனால் இரு முனையிலும் 75 அடிக் கோபுரம் கட்டினார்கள். பி.டி. ரோட்டில் இன்றும் நிற்கின்றன. பஸ்ஸில் போகிறவர்கள் பழைய புகைபோக்கி என்று நினைத்துவிடுவார்கள். டம்டம் விமான நிலையம் அங்கிருந்து தொலைவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ராதாநாத் சிக்தார் இந்த அளவைப் பணியில் 'கம்ப்யூட்டர்' வேலைக்குச் சேர்ந்தார். அன்று கம்ப்யூட்டர் என்றால் மனிதர்தான். உருண்டைமேல் வரைந்த முக்கோணத்தில் கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகையைத் துளி தாண்டும். அந்தத் துளியைப் பிடித்துக் கணக்குப் போடுவது இவரைப் போன்றவர்கள் பாடு. இன்று அளக்கிற வேலையைச் செயற்கைக்கோள் செய்கிறது.

மாமி பொறுமையாகக் கேட்டார்.

"சரி, 2 மணி 20 நிமிஷம்னு போட்டிருக்கே?"

விமானச் சக்கரத்து முட்டுக்கட்டையை இங்கே எடுப்பதிலிருந்து அங்கே வைக்கும் வரைக்குமான நேரம் அது என்றேன்.

"அப்போ இங்கேர்ந்து டம்டம் போற நேரம் அதுல சேராதா?"

"சேராது மாமி."

"டிக்கெட் பூஜா சமயத்துல போட்டிருக்கே. மூணு மணிக்கே கிளம்பிடறேன்."

விமானம் இரவு எட்டரைக்கு.