சக்கரத்தின் மேல் ஓர் அடுக்களை

1865ஆம் ஆண்டில் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிவுற்றபோது, டெக்சாஸ் மாநிலத்தில் பணம் இல்லை, மாடுகள் இருந்தன. நீண்ட கொம்புகளையுடைய அம்மாடுகள் பேணுவாரின்றிப் புல்வெளிகளில் பல்கிப் பெருகியிருந்தன. உள்ளூரில் அவற்றை வாங்குவோர் அரியர். வாங்குவோர் இருந்த இடமோ நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இருந்தது. இடையில் இருப்புப்பாதை இல்லை, ஊர் இல்லை, பல இடங்களில் தண்ணீரும் இல்லை. மாடுகள் வழிநெடுகப் புல்லை மேய்ந்துகொள்ளும். அவற்றை ஓட்டிச் செல்லும் மனிதர் எதை உண்பர்?

அதுவரை ஒவ்வொரு மாடோட்டியும் தன் உணவைச் சேணப்பையில் கட்டிக்கொண்டு சென்றான். சில நாள் பயணத்துக்கு அது போதும். பல வாரப் பயணத்துக்குப் போதாது. இவ்விடுக்கண் தீர வழி கண்டவர் சார்ல்ஸ் குட்நைட். 1836இல் பிறந்த அவருக்கு 1866ஆம் ஆண்டில் வயது 30. அவர் தச்சரும் அல்லர், சமையற்காரரும் அல்லர். படைக்குப் பயன்பட்டுக் கழிந்த சரக்கு வண்டி ஒன்றை வாங்கி, அதன் மரப்பகுதிகளை ஓசேஜ் ஆரஞ்சு என்னும் மரத்தால் புதுப்பித்தார். செவ்விந்தியர் வில் செய்யப் பயன்படுத்திய அம்மரம் எளிதில் பிளவாது, உளுக்காது. மர அச்சுகளை நீக்கிவிட்டு இரும்பு அச்சுகளைப் பொருத்தினார். வழியில் அச்சு முறிந்தால் மாற்றித்தரக் கொல்லன் எவனும் அகப்படான் என்பதை அவர் அறிந்திருந்தார்.

எனினும், வண்டியின் சிறப்பு அதன் பின்புறத்தில் இருந்தது. அங்கே பல அறைகளும் இழுப்பறைகளும் கொண்ட மரப்பெட்டி ஒன்றை அவர் நிறுத்தினார். மேலிருந்து கீழாகச் சற்றே சரிந்த அதன் மூடி, அடிப்பக்கத்தில் கீல்களால் பிணைக்கப்பட்டிருந்தது. மூடியைக் கீழே இறக்கி ஒரு காலை முட்டுக்கொடுத்தால் அதுவே மேசையாகும். மாவு பிசைவதும் இறைச்சி அரிவதும் அதன்மேல்தான். மாவு, சர்க்கரை, உலர்ந்த பழம், அவரை விதை, உப்பு, காப்பிக்கொட்டை ஆகியவற்றுக்குத் தனித்தனி இடம் உண்டு. ஓர் இழுப்பறையில் மருந்தும், மற்றொன்றில் ஊசி நூலும் சவரக்கத்தியும் கிடக்கும். பக்கவாட்டில் தண்ணீர்ப் பீப்பாய் கட்டப்பட்டிருக்கும். வண்டியின் அடியில் ஏணைபோல் தொங்கும் மாட்டுத்தோலில், வழியில் பொறுக்கிய சுள்ளியும் வறட்டியும் சேரும். புல்வெளியில் விறகு கிடைப்பது அரிது. எனவே கிடைத்த இடத்தில் எடுத்து வைத்துக்கொள்வதே வழக்கம். பள்ளிச் சாரணர் முகாமில் மழையில் நனைந்த விறகோடு போராடியவர்க்கு இத்தோல் தொட்டிலின் அருமை விளங்கும்.

சமைப்பது தரையில்தான். தணலின்மேல் மூன்று கால்களையுடைய கனத்த வார்ப்பிரும்புச் சட்டியை வைத்து, விளிம்பு உயர்ந்த அதன் மூடியின்மீதும் தணலைக் கொட்டுவர். மேலும் கீழும் வெப்பம் பரவ, உள்ளே ரொட்டி வேகும். அம்மாவைப் புளிக்கவைக்கும் உறைமா ஒரு சிறு மிடாவில் இருக்கும். குளிர் கடுமையானால் உறைமா செத்துவிடும் என்று அஞ்சி, சமையற்காரர் மிடாவைத் தம் போர்வைக்குள் வைத்துக்கொண்டு உறங்கியதும் உண்டு!

அச் சமையற்காரருக்கு மாடோட்டிகளைவிடக் கூலி மிகுதி. அதிகாரமும் மிகுதி. வண்டியருகே புழுதி எழக் குதிரையைச் செலுத்தலாகாது. அவர் அனுமதியின்றிப் பெட்டியைத் தொடலாகாது. இரவில் உறங்குமுன் வண்டியின் ஏர்க்காலை அவர் வடமீனை நோக்கித் திருப்பிவைப்பார். மறுநாள் காலையில் வானம் மூடிக்கிடந்தாலும் திசை தெரியும். அடுக்களையே திசைகாட்டியும் ஆயிற்று. வண்டியை அமைத்தவரின் பெயர் நூல்களில் நின்றது. அதில் நின்று சமைத்தோருள் கறுப்பினத்தவரும் மெக்சிகரும் பலர். அவர்களுள் பெரும்பாலோரின் பெயர் எவ்வேட்டிலும் இல்லை.

1866இல் குட்நைட்டும், அவரினும் மூத்தவரும் மாடோட்டுவதில் பழுத்த அனுபவம் உடையவருமான ஆலிவர் லவிங்கும், 18 ஆட்களுடன் ஏறத்தாழ 2,000 மாடுகளை நியூ மெக்சிகோவை நோக்கி ஓட்டினர். பேக்கஸ் ஆற்றை அடையுமுன் ஏறத்தாழ 80 மைல் தண்ணீரற்ற நிலம். மூன்று நாளும் இரவுமாக ஓயாது நடந்த அந்நெடுவழியில் 300 மாடுகள் வரை தாகத்தால் மாண்டன. ஆற்றின் நாற்றம் மூக்கில் பட்டதும் எஞ்சியவை வெறிகொண்டு பாய்ந்தன. அவற்றுள்ளும் பல நீரிலும் புதைமணலிலும் மடிந்தன.

அவர்கள் சென்று சேர்ந்த சம்னர் கோட்டையில் பசி வேறு வடிவில் இருந்தது. அங்கே 8,000க்கு மேற்பட்ட நவஹோ மக்களைத் தம் மண்ணிலிருந்து நடத்திக் கொணர்ந்து அரசு அடைத்துவைத்திருந்தது. அவர்கள் பயிரிட்டது விளையவில்லை. அவர்களுக்கு ஊட்டவே படையினர் மாடுகளை வாங்கினர். 1868இல் உடன்படிக்கை ஏற்பட்ட பின்னரே அம்மக்கள் தாயகம் திரும்பினர். மாடோட்டிகளின் வீரத்தைப் பாடும் கதைகள் பல, வாங்கியவர் யார், உண்டவர் யார் என்பதைச் சொல்லாமலே கடந்துவிடுகின்றன.

விற்பனையில் கிடைத்தது 12,000 டாலர் பொன். மேலும் மாடுகள் வாங்க அப்பொன்னுடன் குட்நைட் சிலரோடு டெக்சாஸ் திரும்பினார். பொன்னும் உணவும் ஒரே கோவேறு கழுதையின் முதுகில் இருந்தன. ஓரிரவு அது மிரண்டு ஓடியது. குட்நைட் அதனைப் பற்றிப் பொன்னை மீட்டார். உணவு மூட்டையோ இருளில் சிதறிப்போயிற்று. அவர் வாழ்நாளில் கண்டிராத செல்வம் கையில் இருந்தது. அதைக் கொண்டு ஒரு கவளம் வாங்க அவ்வெளியில் வழியில்லை. பின்னர் எதிரே தர்பூசணி ஏற்றிவந்த வண்டி ஒன்றைக் கண்ட பின்பே பசி தீர்ந்தது. இந்நிகழ்ச்சியைக் குட்நைட் முதுமையிலும் நினைவுகூர்ந்தார்.

லவிங் 1867இல் கமான்சேயரால் காயமுற்று இறந்தார். 1874இல் ஜோசப் கிளிடன் முள்கம்பிக்கு உரிமம் பெற்றபின் திறந்த வெளிகள் வேலிகளுக்குள் அடங்கின. இருப்புப்பாதையும் தெற்கே நீண்டது. நெடும்பயணங்கள் ஓய்ந்தன. குட்நைட் 1929இல் தம் 93ஆம் வயதில் மறைந்தார். அவ் வண்டியை டெக்சாஸ் 2005இல் தன் மாநில ஊர்தியாக அறிவித்தது. இன்றும் முகாமுக்குச் செல்லும் அமெரிக்கர் வீட்டிலேயே ஒட்டுப்பலகையால் சமையற்பெட்டி செய்து காரின் பின்புறத்தில் ஏற்றிச் செல்கின்றனர். இழுப்பறைகளும், கீழே இறக்கினால் மேசையாகும் மூடியும் அதில் உண்டு.