கைகள் காத்த கலை

கடந்த காலத்தை நாம் பெரும்பாலும் ஏடுகளின் வழியாகவே அறிகிறோம். அரசர்தம் ஆணைகளையும் ஆயர்தம் மடல்களையும் ஏடுகள் காத்துத் தந்துள்ளன. ஆனால், கோடரியை எவ்வாறு பிடிப்பது, சுண்ணாம்புச் சாந்தை எப்பதத்தில் குழைப்பது என்பனவற்றை அவை அரிதாகவே கூறுகின்றன. அவ்வறிவு ஆசான் கையிலிருந்து மாணாக்கன் கைக்குச் சென்றது. ஒரு தலைமுறை கைவிட்டால் மறைந்துபோவது.

அதனை மீட்கும் முயற்சியொன்று 1997ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் பர்கண்டிப் பகுதியில் தொடங்கிற்று. கெதலோன் என்னுமிடத்தில், காட்டின் நடுவே கைவிடப்பட்ட கற்சுரங்கம் ஒன்றில், மிஷேல் கீயோ என்பாரின் முன்முயற்சியால் 13ஆம் நூற்றாண்டு முறைப்படி கோட்டை எழுப்பத் தலைப்பட்டனர். புனித லூயி இளவயதில் அரியணை ஏறிய காலத்தில், 1228இல், சிற்றரசர் ஒருவர் கட்டத் தொடங்கியதாகக் கற்பனை செய்துகொண்டனர்.

அங்கே கல்லும் மரமும் மண்ணும் அருகிலேயே கிடைக்கின்றன. மனிதர் உள்ளே நின்று மிதிக்கும் பெருஞ்சக்கரம் பாரத்தை மேலே தூக்குகிறது. பதின்மூன்று முடிச்சிட்ட கயிற்றை மூன்று, நான்கு, ஐந்து இடைவெளிகளாக மடக்கிச் செங்கோணம் காண்கின்றனர். ஐயம் எழும்போது அறிஞர் குழு பழைய கட்டடங்களை ஆராய்ந்து வழிகாட்டுகிறது. தொழிலாளர் செய்து பார்த்துப் பெற்ற விடைகளோ அறிஞர்க்குப் பயன்படுகின்றன. பார்வையாளர் செலுத்தும் கட்டணமே இப்பணிக்குப் பொருள் தருகிறது.

பழங்கால உடையணிந்து கல் உடைப்பது வெறும் வேடிக்கையன்றோ என நாம் கேட்கலாம். 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள், புனித வாரத் திங்களன்று, இதற்கு விடை கிடைக்கத் தொடங்கியது. பாரிசு நகரின் நோத்ர்தாம் பேராலயம் தீப்பற்றியது. ‘காடு’ என மக்கள் அழைத்த, நூற்றாண்டுகள் பல கண்ட மரக்கூரை சாம்பலாயிற்று. எஃகாலோ கண்ணாடியாலோ புதுக்கூரை அமைக்கலாம் என்ற யோசனைகளும் எழுந்தன. எனினும், பழைய வடிவிலேயே கட்டுவதென 2020இல் முடிவாயிற்று.

விபத்திற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு கட்டடக் கலைஞர் இருவர் அக்கூரையின் ஒவ்வொரு சட்டத்தையும் அளந்து வரைந்து வைத்திருந்தனர். ஆனால், படத்தை உத்தரமாக்கக் கைகள் வேண்டுமே! கெதலோனில் பயின்ற தச்சர் சிலரும் அப்பணிக்கு வந்தனர். நடுக்கூடம், பீடப்பகுதி ஆகியவற்றின் கூரைக்குப் பச்சை ஓக் மரங்களைக் கோடரியால் செதுக்கினர். மரத்தின் நாரோட்டம் அறுபடாமல் செதுக்கும்போது உத்தரம் உறுதி பெறுகிறது. 2024 டிசம்பர் 7இல் பேராலயம் திறக்கப்பட்டது. மறுநாள் புதிய பீடம் அர்ச்சிக்கப்பட்டுத் திருப்பலி நிறைவேறியது.

கீழே நின்று மன்றாடுவோர் அக்கூரை மரங்களைக் காண இயலாது. கல் வளைவுகள் அவற்றை மறைக்கின்றன. 13ஆம் நூற்றாண்டுத் தச்சரும் இதனை அறிந்தே செதுக்கினர். இருபதாண்டுகளுக்கு மேலாகக் காட்டினுள் பொறுமையோடு கற்றுவந்தோரும், எந்த ஆலயத்திற்காகக் கற்கிறோம் என்பதை அறிந்திருக்கவில்லை. பயன் இன்னதெனத் தெரியாத நாளிலும் ஒரு நற்கலையைக் கைவிடாது காப்பவர்க்கு நாம் கடன்பட்டுள்ளோம்.